பூஞ்சை பூத்த ஸ்லைடுகள்

அது ஒரு சதுர பிஸ்கட் டின். உள்ளே அட்டைச் சட்டம் போட்ட ஸ்லைடுகள் அறுபதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொரு சட்டத்திலும் என் கணவரின் பொடிக் கையெழுத்தில் ஒரு வரி: ‘கோயில் திருவிழா’, ‘பாகான் டத்தோ கடற்கரை’, ‘மழை விட்ட பிறகு’. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அவருக்கு இரண்டாம் தாரமாகப் மலேசியாவில் பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போனபோது, அந்த டின் எனக்கு முன்பே அந்த வீட்டில் இடம் பிடித்திருந்தது. ஏறக்குறைய எல்லாப் படத்திலும் அவருடைய முதல் மனைவிதான் இருந்தாள்.

அவர் தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது அவர் வேலை. ஊர் திரும்பிய வெள்ளைக்கார மானேஜர் ஒருவர் தம் காமிராவையும் மிச்சமிருந்த ஸ்லைடு ஃபிலிம்களையும் அவருக்குக் கொடுத்திருந்தார். இரண்டாவது பிரசவத்தில் அவளும் குழந்தையும் இறந்துபோன பின் அவர் காமிராவை விற்றுவிட்டார். என்னை ஒரு படம்கூட எடுத்ததில்லை.

அவர் வேலைக்குப் போன பிறகு நான் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கட்டைவிரல் அகலத்துக்குள் அவள் சிரிப்பாள். ‘மழை விட்ட பிறகு’ என்ற படத்தில் மட்டும் சிரிக்கவில்லை. ஈரத் தலையோடு வாசற்படியில் நின்று நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது காமிராவை அல்ல, அதற்குப் பின்னால் நின்றவரை. அப்படி ஒரு பார்வை என்னிடமிருந்து அவருக்குப் போயிருக்குமா என்று யோசிப்பேன். அன்றைக்குச் சோறு இறங்காது.

எண்பதுகளில் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குக் குடிவந்தோம். சாமான்களை ஒதுக்கும்போது, குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியின் அடித்தட்டில் அந்த டின்னை வைத்தேன். அந்தச் சுவர் வருஷம் முழுக்க ஈரம் கசியும். வீடு பார்க்க வந்தபோதே எனக்கு அது தெரியும். தெரிந்துதான் வைத்தேன்.

முதல் தாரத்துக்குப் பிறந்து, மூன்று வயதில் தாயை இழந்தவள் என் மூத்த மகள். என்னைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணம் நிச்சயமானதும், பெற்றவளின் படம் ஒன்றைப் பெரிதாக்கி மணவறையில் வைக்க ஆசைப்பட்டாள். டின்னைத் திறந்தால் ஸ்லைடுகளில் வெள்ளை வேர் விட்டதுபோலப் பூஞ்சை படர்ந்திருந்தது. பழைய டின்தானே, அப்படித்தான் ஆகும் என்றேன்.

டவுனில் இருந்த சீனர் ஸ்டூடியோவில் விசாரித்தோம். ஸ்லைடிலிருந்து முதலில் நெகட்டிவ் எடுத்து, பிறகு காகிதத்தில் போட வேண்டுமாம். ஒரு படத்துக்குக் கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு மகள் என் முகத்தைப் பார்த்தாள். கல்யாணச் செலவு கழுத்தை நெரிக்கிற நேரம். ஸ்லைடைச் சுவரில் பெரிதாகக் காட்டி, அதைச் சாதாரணக் காமிராவில் எடுத்தால் மலிவாக முடியும் என்று நான்தான் சொன்னேன். சிக்கனம் என்பது வெளியே சொன்ன காரணம். செத்துப்போனவளுக்கென்று என் வீட்டுக் காசு போக வேண்டாம் என்பது உள்ளே இருந்த காரணம்.

பள்ளிக்கூடத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் புரொஜெக்டர் இரவல் கிடைத்தது. வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டுப் படம் காட்டி எடுத்தோம். கழுவி வந்த படங்களில் நடுவில் வெளிச்சம் வெளுத்து, ஓரம் இருண்டு, முகமெல்லாம் பூஞ்சைக் கோடு. மகள் அவற்றில் ஒன்றை மடியில் வைத்து விரலால் தடவினாள்.

“பரவால சின்னம்மா. எனக்கு அம்மா மூஞ்சி சுத்தமா ஞாபகம் இல்ல. இந்த அளவுக்காவது தெரியுதே, போதும்லா” என்றாள்.

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் யாருக்கும் சொல்லாமல் ஸ்டூடியோவுக்குப் போனேன். பூஞ்சையைத் துடைத்துவிட்டு, நல்லதாக ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நெகட்டிவ் எடுத்தால் கட்டுப்படியாகும் என்றார் கடைக்காரர். துடைப்பதை நீயே செய்துகொள் என்று ஒரு குப்பியில் மருந்து ஊற்றிக் கொடுத்தார். தண்ணீர் மட்டும் படக்கூடாது, பட்டால் படமே கரைந்துவிடும் என்று மலாய் மொழியில் இரண்டு தடவை எச்சரித்தார்.

ஒரு வாரம் பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, பஞ்சால் அவள் முகத்தைத் துடைத்தேன். பல ஸ்லைடுகளில் பூஞ்சையோடு படமும் பெயர்ந்து வந்தது. கடைசியில் முகத்தில் கீறல் இல்லாமல் தப்பியது ஒன்றுதான்: ‘மழை விட்ட பிறகு’. அதைக் கையில் வைத்திருந்தபோது பக்கத்தில் நான் குடிக்க வைத்திருந்த தண்ணீர் இருந்தது. ஒரு விரலை நனைத்துத் தொட்டால் போதும். அந்தப் பார்வை என் வீட்டுச் சுவரில் ஒருநாளும் ஏறாது.

அப்போதுதான் என் கணவர் வந்து நின்றார். ஸ்லைடையும் தண்ணீரையும் பார்த்தார். எதையும் எடுக்கவில்லை.

“டின்ன அங்க வெச்சது நீதான்னு எனக்கு அப்பவே தெரியும்” என்றார்.

“தெரிஞ்சும் ஏங்க எடுத்து வெக்கல?”

“எடுத்தா உனக்கு வலிக்கும். அவ போயிட்டா. நீதான இருக்க.”

எனக்காக அவர் விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று அன்றுதான் தெரிந்தது. ஆனாலும் பொறாமை போகவில்லை. விட்டுக்கொடுக்க அவரிடம் அவ்வளவு இருந்ததே என்று இன்னும் எரிந்தது. தண்ணீரைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்லைடைக் கடைக்குக் கொண்டுபோனேன். மணவறையில் மகள் முதலில் அந்தப் படத்தின் முன்தான் விழுந்து கும்பிட்டாள். பிறகு என் காலில் விழுந்தாள். டின்னை ஏன் அங்கே வைத்தேன் என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை.

இப்போது அவர் இல்லை. போன மாதம் மகள் மிச்சமிருந்த ஸ்லைடுகளைக் கணினியில் ஏற்றினாள். கடையில் கொடுத்தால் செலவு என்று, கைப்பேசியின் வெள்ளைத் திரைமேல் ஒவ்வொன்றாக வைத்து இன்னொரு கைப்பேசியால் எடுத்தாளாம். எல்லோருக்கும் அனுப்பினாள். நான் அவரைத் தேடினேன். அவர் எதிலும் இல்லை. எல்லாப் படத்தையும் எடுத்தவர் அவர்தானே. அவள் மட்டும் ஈரத் தலையோடு வாசற்படியில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குத்தான் அவரைப் பார்க்க வழியில்லை.