வேல்பாண்டி வாங்கிய மூன்றாவது மவுத் ஆர்கன்

கம்பத்திலிருந்து மலை மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் பெண்களைக் கூட்டிப்போகிற ஜீப் வேல்பாண்டியுடையது. காலை ஆறரைக்கு எடுத்தால் தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் அவர்கள் வேலை முடித்து வரும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். பதினெட்டு வருசமாக இதே பிழைப்பு. ஒரு காலத்தில் அவன் வண்டியில் இடம் பிடிக்கப் பெண்களுக்குள் சண்டையே நடக்கும். வண்டி ஒன்றும் பிரமாதமில்லை, மழை பெய்தால் ஒழுகும். அவன் குரலுக்குத்தான் அத்தனை கூட்டம். முதல் கொண்டை ஊசி வளைவில் ஒரு தெம்மாங்கு எடுப்பான். யாரிடமோ குறை சொல்லுகிற மாதிரி தணிந்து தொடங்கி, வண்டியோடு சேர்ந்து மெல்ல மெல்ல ஏறும் பாட்டு அது.

இரண்டு வருசத்துக்கு முன் கழுத்தில் கட்டி என்று ஆபரேசன் செய்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. பேச்சு வந்தது, காற்றும் கரகரப்புமாக. பாட்டு வரவில்லை. ஆறு மாதத்தில் சரியாகும் என்றார்கள். அந்த ஆறு மாதம் நான்கு முறை வந்து போய்விட்டது. உயிர் தப்பியதே பெரிது, பாட்டா சோறு போடுது என்று மனைவி கேட்டாள். அவனுக்கு எரிச்சல்தான் வந்தது.

அப்படிக் கிடந்த ஒரு மத்தியானம் செல்போனில் ஒரு வெள்ளைக்காரன் கையகல மவுத் ஆர்கனை வாயில் பொத்திக்கொண்டு ஊதுவதைப் பார்த்தான். சத்தம் நேராக நிற்காமல் சரிந்தது, வழுக்கியது, தேம்பியது. மனிதக் குரலேதான். தொண்டை இல்லாமலும் தெம்மாங்கு பாடலாம் என்று வேல்பாண்டி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். தன் பாட்டு இன்னொரு தடவை தன் வாயிலிருந்து வெளியே வர வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வாங்கினான். பத்து ஓட்டை வைத்தது ஒன்று, இருபத்து நாலு ஓட்டை வைத்தது ஒன்று, இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. யார்தான் பத்தை எடுப்பார்கள்? இருபத்து நாலை எடுத்தான். ஒவ்வொரு சத்தமும் இரண்டிரண்டாக நடுங்கிக்கொண்டு வந்தது, ஆனால் கொஞ்சமும் சரியவில்லை. ஜீப்பில் முன் சீட்டுக்காரியான மொக்கம்மாள், பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தாள்.

தோட்டத்தில் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் டிரையர் ரிப்பேருக்கு மாதம் ஒருமுறை போடியிலிருந்து ஜாஸ்பர் என்ற மெக்கானிக் வருவான். சின்ன வயசு, சர்ச்சில் மவுத் ஆர்கன் ஊதுகிறவன். சத்தம் சரிய வேண்டுமென்றால் பத்து ஓட்டைதான் வாங்க வேண்டும் என்று அவன்தான் சொன்னான். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று வேல்பாண்டிக்குக் கோபம் வந்தது. முதலில் ஜாஸ்பரைக் கேட்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாவதை ஆன்லைனில், இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து வாங்கினான். நெஞ்சுக் காற்று முழுக்கக் கொடுத்தாலும் பாதி ஓட்டை வாய் திறக்கவில்லை. எங்கேயோ லீக் என்று முடிவு செய்து, பஞ்சர் கடையில் டியூபை முக்குவது போல அதைத் தொட்டித் தண்ணீரில் முக்கி ஊதிப் பார்த்தான். எல்லாப் பக்கமும் குமிழி வந்தது. மறுநாள் உள்ளே இருந்த மரச்சட்டம் ஊறி உப்பி, மிச்சமிருந்த சத்தமும் அடைத்துக்கொண்டது. திருப்பி அனுப்பலாமென்று பார்த்தால், வாயில் வைக்கிற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று போட்டிருந்தது.

இனி யாரையும் நம்புவதில்லை என்று தேனிக்கே பஸ் ஏறினான். ஞானசிகாமணி என்பவரின் இசைக்கருவிக் கடை. ஊதிப் பார்க்க அவர் விடவில்லை. பலூன் பம்பை எடுத்து ஒவ்வொரு ஓட்டையாக வைத்து அழுத்திக் காட்டினார். வேல்பாண்டியும் இந்த முறை டிரைவர் கண்ணோடு பார்த்தான். ஆணி அடித்ததை ஒதுக்கினான், கழற்றி மாட்டுகிற மாதிரி ஸ்க்ரூ வைத்ததை எடுத்தான். மரச்சட்டம் வேண்டாம், பிளாஸ்டிக் போதும் என்றான். சுருதி சி வேண்டுமா, ஜி வேண்டுமா என்று அவர் கேட்டதற்கு, நான் பாடியது அஞ்சு கட்டை என்றான். பாடுகிறவர்கள் சுருதியைச் சொல்லுகிற கணக்கு அது. அஞ்சு கட்டை என்றால் ஜி என்று அவரே எடுத்துக் கொடுத்தார். கண்ணாடிக்குள் பெரிய கம்பெனி ஆர்கன் ஒன்றும் இருந்தது. விலையைக் கேட்டபிறகு வேல்பாண்டி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பத்து ஓட்டையும் பேசியது. ஆனால் அவன் பாட்டு தொடங்குகிற தணிந்த இடத்தில் இரண்டு சத்தம் இல்லவே இல்லை. படிக்கட்டில் இரண்டு படியைப் பெயர்த்து எடுத்த மாதிரி இருந்தது. அடுத்த வாரமே போய்ச் சண்டை பிடித்தான். ஞானசிகாமணி அசரவில்லை. கண்ணாடிக்குள் இருந்ததையும் எடுத்துப் பம்பை வைத்துக் காட்டினார். அதிலும் அந்த இரண்டு இல்லை.

"எல்லாத்துலயும் இப்படித்தான் வரும். அந்த ரெண்டையும் நீங்கதான் காத்தை உள்ள இழுத்து, சத்தத்தை வளைச்சு எடுக்கணும்" என்றார்.

மூன்று மாதம் இழுத்தான். தோட்டத்தில் ஜீப்புக்குள் உட்கார்ந்து தாடை வலிக்க, கண்ணில் நீர் முட்ட இழுத்தான். சத்தம் போன இடத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது. மலிவுச் சரக்கு, உள்ளே காற்று ஒழுகுகிறது, பெரிய கம்பெனியாக இருந்தால் இந்நேரம் வளைந்திருக்கும் என்று தினமும் அதைத் திட்டினான். நாலாவதாக அந்தக் கண்ணாடிக்குள் இருந்ததை வாங்கியே தீருவது என்று வைராக்கியம் வந்துவிட்டது.

அந்த மாதம் ஜாஸ்பர் வந்தபோது, வேலை முடித்த பெண்கள் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வேல்பாண்டி ஆர்கனை நீட்டி, எவ்வளவு மோசமான சாமான் என்று நீயே பார் என்றான். ஜாஸ்பர் அதைச் சட்டை முனையில் துடைத்து வாயில் வைத்து இழுத்தான். சத்தம் சரிந்தது. ஒரு படி இறங்கி நின்றது. பிறகு அடுத்த ஓட்டையில் இன்னொன்று. இல்லாத இரண்டும் வந்தன, எந்தச் சிரமமும் இல்லாமல்.

"நல்ல ஆர்கன்ணே. சொட்டுக் காத்து ஒழுகல. இதை விட்டுட்டு வேற வாங்கிராதீக" என்றான் ஜாஸ்பர். தனக்கே இது வர ஒரு வருசம் ஆனது என்று ஆறுதலும் சொன்னான்.

நல்லது செய்ததாகத்தான் அவன் நினைத்திருப்பான். வேல்பாண்டிக்கு அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது. அந்த ஆர்கன் மோசமாக இருக்க வேண்டும் என்றுதானே இத்தனை நாளும் வேண்டிக்கொண்டிருந்தான். மோசமென்றால் மாற்றிவிடலாம். இப்போது மாற்றுவதற்கு என்ன இருக்கிறது? ஆறு மாதம் என்றவர்களை நம்பி இரண்டு வருசம் போயிற்று. இந்த ஒரு வருசத்தை எதை நம்பி எண்ணுவது? ஆர்கனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினான்.

"ஏப்பா, அவன் ஊதுனது உன்னோடதா? நல்லாத்தான இருக்கு" என்றாள் மொக்கம்மாள்.

"நல்ல சாமான்தான் ஆத்தா. அதுல ஒண்ணும் கொறையில்ல."

அவன் சொன்னது இஞ்சின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. என்ன என்று மறுபடி கேட்டாள். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு அதற்குமேல் சத்தமாக அவனால் சொல்ல முடியவில்லை.