ஆடு தின்னாத செடிகள்

மாலுமியோடு ஓடிப்போனாளாம். ரொட்டிக்காரி திங்கா இன்னமும் அப்படித்தான் சொல்லித் திரிகிறாள். யார் ஓடினது? பெரீனா நடந்து போனாள். பட்டப்பகலில், வாசல் வழியாக. அந்த வீட்டுக்குத் தினமும் ஆட்டுப்பால் ஊற்றியவள் நான், எனக்குத் தெரியாதா?

எங்கள் தீவில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள் ஒருத்திதான். மலைச் செடிகளைப் பற்றி அவள் எழுதியது அக்கரைப் பத்திரிகையில் அச்சாகும். அவள் அப்பா இறந்ததும் எல்லாம் நின்றது. துக்க வீட்டுப் பெண் ஒரு வருடம் படி தாண்டக் கூடாது. கறுப்புச் சால்வை, சாத்திய ஜன்னல். நானும் அப்படி இருந்தவள்தான்.

"மாந்தே, உன் ஆடு எதைத் தின்னாம விடுதோ அதைக் கொண்டு வாடி," என்பாள் என்னிடம்.

"நீங்க தின்னு பாக்கவா அக்கா?"

"உன் ஆட்டுக்கு உள்ள நாக்கு எனக்கு ஏது?"

கொண்டுபோவேன். ஜன்னல் இடுக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து எழுதுவாள். பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று பாடம் ஒப்பித்தார்கள். அவள் அண்ணன் யெர்கோ அந்த ஜன்னலுக்கு ஆணி அடித்தான். அவள் போய்விட்டால் அவனுக்குச் சோறு யார் பொங்குவது?

அக்கரைப் பெண்கள் பள்ளியில் அவளை ஆசிரியையாகக் கூப்பிட்டிருந்தார்கள். புனித மார்ட்டின் திருநாளுக்குள் வராவிட்டால் வேலை வேறொருத்திக்கு. துக்கம் அதற்கு முன்பே முடிந்துவிடும் என்றிருந்தாள். அந்த நேரம் பார்த்து, திரியெஸ்தே நகரத்தில் ஒரு சித்தப்பா இறந்த செய்தி வந்தது.

"இன்னும் ஒரு வருஷம்," என்றான் யெர்கோ.

"அவர் மூஞ்சியைக்கூட நான் பாத்ததில்லையே."

"ரத்த உறவாச்சே. ஊர் என்ன பேசும்?"

"அடுத்த வருஷம் யார் சாகணும்னு இப்பவே யோசிச்சு வச்சிருக்கியா?"

அவன் சூப் கேட்டான்.

திருநாளுக்கு முந்தின நாள் நான் பாலோடு போனேன். பெரீனா மலைக்குப் போகும் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்திருந்தாள். முதுகில் செடிக் கட்டு. துக்கத்தில் கறுப்பைக் கழற்றியவளை அந்த வீடு மறுபடி சேர்க்காது. அவளுக்கும் தெரியும். சால்வையை மடித்து யெர்கோவின் நாற்காலியில் வைத்தாள்.

"படி தாண்டினா திரும்பி வர முடியாது," என்றான் அவன்.

"தெரியும். கதவைச் சாத்தாதே, வீடே பூசணம் பிடிச்சுக் கிடக்கு. மாந்தே, பாலை அடுப்புல வை, பொங்க விட்டுடாதே."

இறங்கினாள். வாசலில் எந்த மாலுமியும் இல்லை. என் ஆடுதான் நின்றது. அதன் வாயிலிருந்த தண்டைக் குனிந்து பார்த்துவிட்டு, படகுத்துறைப் பக்கம் நடந்தாள்.