ஆள் பார்த்து நின்ற டிராக்டர்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் அவர் தெருவிலேயே ஆளைத் தெரியாது என்பார்கள். ‘எர்த்து’ என்றால் போதும், சின்னப் பிள்ளைகூடக் கடையைக் காட்டும்.

வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியன். ஹாரன் அடிக்கவில்லை என்றாலும், விளக்கு மினுக்குகிறது என்றாலும், செல்ஃப் எடுக்கவில்லை என்றாலும், “முதல்ல எர்த்தப் பாரு” என்பதுதான் அவர் வாயில் முதலில் வரும். ஒரு முறை மச்சினன் தலை சுற்றுகிறது என்று வந்து உட்கார்ந்தபோதும், அந்த வார்த்தை உதடு வரைக்கும் வந்துவிட்டுத்தான் திரும்பிப் போனது.

இதற்குக் காரணம் இருந்தது. இளவயதில் அவர் கூட்டங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு விழாவில் சிறப்பு விருந்தினர் மைக்கை உதட்டருகே கொண்டுபோன மாத்திரத்தில் ஷாக் அடித்து ஒரு துள்ளுத் துள்ளினார். அதுவும் பேச்சின் ஒரு பகுதி என்று நினைத்துச் சபை கைதட்டியது. விருந்தினர் கைதட்டவில்லை. எர்த் ஒயரை மாட்டவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. மைக் செட்டை விற்றுவிட்டு ஒரு வண்டிக் கடையில் போய்ச் சேர்ந்தார். பேட்டரி, டைனமோ, செல்ஃப் மோட்டார் எல்லாம் கற்றுக்கொண்டு, கடைசியில் தகரக் கூரை போட்ட சொந்தக் கடையே வைத்துவிட்டார்.

உள்ளதைச் சொன்னால், வண்டிகளின் மின்சாரக் கோளாறில் பாதி எர்த்தில்தான் இருக்கிறது. பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் ஒயர் துருப்பிடித்திருக்கும், இல்லை லூசாக இருக்கும். ஆகவே பெரும்பாலும் அவர் சொன்னதுதான் நடந்தது. அதனால் வந்த வினை என்னவென்றால், மற்றவர்கள் சொல்வதைக் கேட்கும் வழக்கம் அவருக்கு மெல்ல விட்டுப்போயிற்று.

இப்படி இருக்கையில்தான் செடி நர்சரியிலிருந்து போன் வந்தது. நர்சரிக்காரர் ஆள் நல்ல வாட்டசாட்டம். அவர் நடந்து வந்தால் தொட்டிகள் லேசாக ஆடும். அவர் மனைவி அதற்கு நேர் எதிர். காற்று வேகமாக அடித்தால் பக்கத்தில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. நர்சரியின் நடுவே போகும் குறுகலான பாதைகளில் மண்ணும் தொட்டியும் இழுக்க ஒரு குட்டி டிராக்டர் வைத்திருந்தார்கள். அது ஓடும்போதே திடீர் திடீரென்று நின்றுவிடுகிறதாம்.

எர்த்து போனார். பேட்டரி டெர்மினலைச் சுரண்டித் துடைத்தார். எர்த் ஒயரைக் கழற்றி, பாடியில் துருவைத் தேய்த்துவிட்டு இறுக்கி மாட்டினார். நர்சரிக்காரர் ஏறி உட்கார்ந்து தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எங்கும் நிற்கவில்லை.

“இப்ப எப்படி?” என்றார் எர்த்து.

“முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சு. இவதான் நிக்குது நிக்குதுங்கிறா. எனக்கு ஒரு நாளும் நின்னதில்ல.”

தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்த மனைவி, “மேடு பள்ளத்துல ஏறுனா பொட்டுனு நின்னுடுதுண்ணே” என்றார்.

“கிளட்சை டக்குன்னு விட்டிருப்பே” என்றார் கணவர்.

எர்த்தும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார். சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த வாரம் மறுபடி போன். இந்த முறை ஃப்யூஸ் பெட்டியைப் பிரித்து ஒரு ரிலேயை மாற்றினார். ஒயர் எங்காவது உரசி வெந்திருக்கிறதா என்று அடியில் படுத்துப் பார்த்தார். முதுகெல்லாம் உரம் ஒட்டியதுதான் மிச்சம். பிறகு தானே ஏறி ஓட்டினார். அவரும் ஒன்றும் இளைத்தவர் இல்லை. வண்டி கெட்டிக்காரப் பிள்ளை மாதிரி ஓடியது.

“பாத்தியா?” என்று நர்சரிக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா ஒரு ரோஜாத் தொட்டிக்குத் தேவைக்கு மேல் தண்ணீர் விட்டார்.

எர்த்து வீடு வந்து சேர்வதற்குள் அந்தம்மாவே போன் செய்துவிட்டார். “அண்ணே, நீங்க தெரு முனை திரும்பியிருக்க மாட்டீங்க, நின்னுடுச்சு. வண்டிக்கு என்னைக் கண்டா ஆகலைன்னு இவரு சிரிக்கிறாரு.”

ராத்திரிச் சாப்பாட்டின்போது எர்த்து இதைத் தன் மனைவியிடம் ஒரு வேடிக்கை போலச் சொன்னார். அவர் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

“அந்தம்மா ஓட்டுறப்போ நீங்க ஒரு தடவையாவது நின்னு பாத்தீங்களா?”

“இல்ல.”

“ஏன் பாக்கல?”

எர்த்து யோசித்தார். “யாரும் சொல்லல.”

“அந்தம்மாதான் வாய் வலிக்கச் சொல்லிட்டே இருக்காங்களே.”

எர்த்து அதற்குப் பிறகும் சாப்பிட்டார். என்ன சாப்பிட்டார் என்பது அவருக்கே நினைவில் இல்லை.

மறுநாள் காலை யாரும் கூப்பிடாமலே நர்சரிக்குப் போனார். “இன்னைக்கு நீங்க ஓட்டுங்கம்மா, நான் பக்கத்துலயே நடந்து வர்றேன்” என்றார். நர்சரிக்காரர் மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார், ஏதோ ஆட்டம் பார்க்க வந்தவர் மாதிரி.

டிராக்டர் புறப்பட்டது. பாதையில் வேர் புடைத்திருந்த இடத்தில் முன்சக்கரம் ஏறி இறங்கியது. அந்தம்மா சீட்டிலிருந்து ஒரு விரல் உயரம் எழும்பி உட்கார்ந்தார். எஞ்சின் பொட்டென்று அணைந்தது.

எர்த்துவுக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

சீட்டைத் தூக்கினார். அடியில் கட்டைவிரல் பருமனில் ஒரு சுவிட்ச். ஆள் உட்கார்ந்தால் சீட்டு அதை அழுத்தும், வண்டி ஓடும். கியரில் இருக்கும்போது ஆள் கீழே விழுந்தாலோ இறங்கினாலோ சுவிட்ச் விட்டுவிடும். டீசல் அடைபட்டு எஞ்சின் நிற்கும். ஆளில்லாத வண்டி ஊர் சுற்றக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. இந்தச் சுவிட்ச் தேய்ந்துபோய், பலமாக அழுத்தினால்தான் பிடிக்கிற நிலைமைக்கு வந்திருந்தது.

சுவிட்ச் ஒயரில் டெஸ்ட் லைட்டை மாட்டினார். அந்தம்மாவை உட்காரச் சொன்னார். விளக்கு எரியலாமா வேண்டாமா என்று யோசித்தது. பின்னால் திரும்பிப் பார்க்கச் சொன்னார்; அணைந்தது. பிறகு கணவரைக் கூப்பிட்டார். அவர் உட்கார்ந்ததும் சீட்டு ஒரு முறை முனகியது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. திரும்பினார், குனிந்தார், தோளைக் குலுக்கிக்கூடப் பார்த்தார். அது அணைகிற வழியைக் காணோம்.

“அப்போ என் வெயிட்டுதான் இத்தனை நாளா வண்டியக் காப்பாத்திட்டு இருந்திருக்கு” என்றார் நர்சரிக்காரர்.

எர்த்து அந்தம்மாவிடம், “நீங்க சொன்னது சரிதாம்மா” என்றார்.

“எதுண்ணே?”

“எல்லாந்தான்.”

அந்தம்மா சரி என்று தலையசைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயை எடுக்கப் போனார். கணவர் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

“புது சுவிட்ச் வரவழைக்கணும். அதுவரைக்கும் நீங்களே ஓட்டுங்க” என்று எர்த்து கணவரிடம் சொன்னார். “இந்த ரெண்டு ஒயரையும் மட்டும் சேத்து முறுக்கிப் போட்டுடாதீங்க. ஆள் இல்லாமலே ஓடும்.”

நர்சரிக்காரர் கவனமாகத்தான் கேட்டார். ஆனால் அவர் மனதில் கடைசி வாக்கியம் மட்டும் தங்கியது. அதுவும் எச்சரிக்கையாகத் தங்கவில்லை, யோசனையாகத் தங்கிவிட்டது.

இரண்டு நாள் தானே ஓட்டிப் பார்த்தார். பத்துத் தொட்டி ஏற்றுவதற்குப் பத்து முறை ஏறி இறங்க வேண்டியிருந்தது. அந்த உடம்புக்கு அது பெரிய வேலை. மூன்றாம் நாள் சீட்டுக்கடியில் ஒரு துண்டுக் கம்பியால் இரண்டு ஒயரையும் சேர்த்தார். முதல் கியரில், ஆமை வேகத்தில் வண்டியை விட்டுவிட்டு, கூடவே நடந்தபடி தொட்டிகளை டிரெய்லரில் ஏற்றினார். வரிசை முடிகிற இடத்தில் எட்டிச் சாவியைத் திருப்பினால் நின்றுவிடும். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் இதைக் காட்டினார். மனைவி இரண்டு முறை வேண்டாம் என்றார். “உனக்கு ஓட்டத் தெரியாது, அதான் பயப்படுறே” என்றார் கணவர்.

புது சுவிட்ச் வந்த அன்று எர்த்துவின் மனைவியும் கூடக் கிளம்பினார். வாசலுக்கு இரண்டு செடி வாங்க வேண்டும், அதைவிட முக்கியமாக அந்தம்மாவை ஒரு முறை பார்க்க வேண்டும் என்றார். நர்சரியில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் அவர் நேராக நிழல்வலைக் கூடத்துக்குள் போய், குனிந்து இலைகளைப் புரட்டி அடிப்பக்கம் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். செடி வாங்குவதில் அவ்வளவு கெடுபிடி.

எர்த்து சுவிட்ச் பெட்டியோடு நிமிர்ந்தபோது டிராக்டர் தன்னந்தனியாக வந்துகொண்டிருந்தது. டிரெய்லருக்கு அந்தப் பக்கம், இரண்டு கையிலும் தொட்டி ஏந்தியபடி நர்சரிக்காரர் வந்தார். பாதையில் கிடந்த செங்கல்லில் முன்சக்கரம் இடித்துத் திரும்பியது. வண்டி பாதையை விட்டு விலகியது. நாற்றுப் பைகளை வரிசையாக மிதித்துக்கொண்டு, நிழல்வலையை முட்டிக் கிழித்து, உள்ளே போனது. அவசரமே படவில்லை.

“ஏய்! நில்லு! நில்லுடா!” என்று நர்சரிக்காரர் டிராக்டரை அதட்டினார். தொட்டிகளைக் கீழே வைக்கத் தோன்றாமல் இரண்டையும் அணைத்தபடியே ஓடினார்.

எர்த்து தன் மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினார். எஞ்சின் சத்தத்தில் அது எடுபடவில்லை. அவரும் ஓடினார். தண்ணீர்க் குழாய் காலில் சிக்கி, உரக் குவியலில் முகம் குப்புற விழுந்தார். எழ முயன்றபோது கால் மறுபடி சிக்கியது. தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். வண்டிக்கும் மனைவியின் குனிந்த முதுகுக்கும் இடையில் ஒரு வரிசைச் செடிதான் பாக்கி.

அப்போது நர்சரிக்காரம்மா பக்கவாட்டிலிருந்து வந்தார். ஓடவில்லை. வண்டியோடு அதன் வேகத்திலேயே ரெண்டு எட்டு நடந்து, படியில் கால் வைத்து ஏறி, சாவியைத் திருப்பினார். எஞ்சின் அணைந்தது. முன் பம்பர் ஒரு தொட்டியைத் தள்ளிச் சாய்த்துவிட்டு நின்றது.

எர்த்துவின் மனைவி திரும்பினார். முதலில் டிராக்டரைப் பார்த்தார், அப்புறம் அதன்மேல் நின்ற அந்தம்மாவை, அப்புறம் தூரத்தில் உரக் குவியலில் கிடந்த கணவரை.

நர்சரிக்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். “மெதுவாத்தான் வந்துச்சு” என்றார். அதற்கப்புறம்தான் தொட்டிகளைக் கீழே வைத்தார்.

சீட்டைத் தூக்கி, அந்தத் துண்டுக் கம்பியை வெட்ட எர்த்து கட்டிங் பிளேயரை எடுத்தார். இரண்டு முறை கம்பியைத் தவறவிட்டார். நர்சரிக்காரம்மா பிளேயரை வாங்கி, ஒரே கடியில் வெட்டிப்போட்டார். அதன்பிறகு எர்த்து புது சுவிட்சை மாட்டினார். அந்தம்மாவே ஓட்டிப் பார்த்தார். வேர் மேட்டில் ஏறி இறங்கினார், நிற்கவில்லை. வேண்டுமென்றே சீட்டிலிருந்து எழுந்தார், நின்றது. நிற்பதைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

திரும்பி வரும் வழியில் எர்த்து ஸ்கூட்டரை மெதுவாகவே ஓட்டினார். பிறகு பின்னால் பார்க்காமலே கேட்டார்.

“சத்தம்கூடவா கேக்கல உனக்கு?”

“கேட்டுச்சே. கிட்ட வர்றது நல்லாவே தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் நகரல?”

“நீங்க ஓட்டிட்டு வர்றீங்கன்னு நெனச்சேன். எப்படியும் நிறுத்திடுவீங்கன்னு இருந்துட்டேன்.”

எர்த்து ஸ்கூட்டரை ஓரம் கட்டினார். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றார். காற்று ஒன்றும் இல்லை. மனைவி இறங்கிச் செடிகளைப் பிடித்தபடி காத்திருந்தார்.

நர்சரியில் இப்போது டிராக்டர் சாவி அந்தம்மாவின் இடுப்பில்தான் இருக்கிறது. கணவர் மண் கலக்கும் பகுதியைக் கவனித்துக்கொள்கிறார். அந்த வேலைதான் தனக்கு எப்போதும் பிடிக்கும் என்று அவராகவே சொல்கிறார், யாரும் கேட்பதில்லை.

எர்த்துவிடமும் சின்ன மாற்றம். சென்ற மாதம் ஒருவர் போன் செய்து, ஓடும்போது வண்டி தானாக நின்றுவிடுகிறது என்றார்.

“யாரு ஓட்டுறப்போ?” என்றார் எர்த்து.

“யாரு ஓட்டுனா என்னங்க? வண்டி வண்டிதானே.”

“இல்லைங்க. பக்கத்துல வீட்டம்மா இருந்தா போனைக் கொஞ்சம் அவங்ககிட்டக் குடுங்க.”