ஒரு மரண வீட்டுக்கு மூன்று லொறி கதிரைகள்

எங்கள் ஊரில் கதிரைக்காரரை யாரும் கூப்பிட்டதில்லை. அவராகவே வருவார். ஒரு வீட்டில் மரணம் என்றால் சவப்பெட்டியோடு மலர்ச்சாலை வண்டி வருமுன்பே அவருடைய சின்ன லொறி சந்து முனையில் நிற்கும். பந்தலை நிறுத்துவார், ஆட்கள் உட்கார நீலக் கதிரைகளை இறக்குவார், வெள்ளைக் கொடி கட்டக் கயிறும் அவரே கொண்டுவருவார். எவ்வளவு என்று அவர் சொல்லமாட்டார். அழுகிற வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். சடங்கெல்லாம் முடிந்து, வீட்டார் முகம் கொஞ்சம் தெளிந்த பிறகு, மாத்தளைக் கடைவீதிப் பக்கம் போகும்போது கொடுத்துவிட்டு வருவார்கள். விலைமனு கோராமல் அலுவலகத்துக்கு ஒரு பென்சில்கூட வாங்கவிடாத நான், இந்த ஒரு கொள்முதலில் மட்டும் நடைமுறை மீறலைக் கண்டுகொண்டதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. சாவு வீட்டில் இறக்கிய கதிரையைப் பிரேதம் வெளியே போகுமுன் திரும்ப ஏற்றக்கூடாது. ஏற்றினால் இன்னொரு வீட்டில் மரணம் விழுமாம். வாடகைக்கு விடுகிறவர் அதற்கு ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டேன்.

"வேலை தானா வரணும் சார். நாம போய்க் கூட்டிட்டு வரக்கூடாது."

இப்படிப்பட்ட மனிதரைத்தான் அவருடைய மருமகன் ஒரு வலைத்தளத்தில் சேர்த்துவிட்டார். குழாய் வேலையோ, மின்சார வேலையோ, பந்தலோ, எது தேவையென்றாலும் அதில் ஒரு படிவத்தை நிரப்பினால் போதும். நிரப்பியவரின் தொலைபேசி எண்ணை அந்தப் பகுதியில் தொழில் செய்கிறவர்களுக்குக் கம்பனி விற்கும். ஒவ்வொரு விசாரணைக்கும் முன்பணத்தில் ஒரு தொகை கழியும். வேலை கிடைத்தாலும் கழியும், கிடைக்காவிட்டாலும் கழியும். நிபந்தனைகளைக் கடைசி வரி வரை வாசித்த ஒரே இலங்கையர் நானாகத்தான் இருப்பேன். ஒரே விசாரணை மூன்று பேருக்கு விற்கப்படும் என்று அதில் இருந்தது. அதைக் கதிரைக்காரரிடம் சொன்னேன்.

"மூணு பேரும் விலை சொல்லணுமாம் சார். வீட்டுக்காரங்க ஒருத்தர எடுப்பாங்களாம்."

"சாவு வீட்டுக்கு விலை சொல்லுவீங்களா?"

"சீ, அதெப்படிங்க சொல்றது?"

பேச்சு அத்துடன் நின்றது. பிறகு என் நண்பன் இறந்தான்.

நானும் அவனும் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்து நரைத்தவர்கள். வானொலியில் மரண அறிவித்தல் கேட்டு ஊர் கூடிய காலம் அது. அறிவித்தலைச் சுருக்கமாகவும் பிழையில்லாமலும் எழுதித்தர எங்களைத் தேடித்தான் வருவார்கள். இரத்தோட்டைத் தோட்டங்களிலிருந்தும் வருவார்கள், பல்லேகமவிலிருந்து பஸ் மாறி மாறியும் வருவார்கள். வானொலியில் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். நான் எழுதுவேன், அவன் வெட்டுவான். 'அன்புக்குரிய' போகும், 'பாசமிகு' போகும். "செத்தவனுக்கு எதுக்குடா அடைமொழி? வயசும் சுடுகாட்டுக்குப் போற நேரமும் போதும்" என்பான். மதிய இடைவேளையில் வானொலிப் பெட்டியைச் சுற்றி அலுவலகமே கூடும். எங்கள் வாக்கியம் வாசிக்கப்படும்போது நாங்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் சோற்றைப் பிசைவோம். அந்தப் பெருமைக்கு ஈடாக எனக்குப் பதவி உயர்வுகூடக் கிடைத்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு வெட்டுவதற்குச் சொற்கள் இல்லாததால் அவன் மனிதர்களை வெட்டினான். உபயக்காரர் வரிசைக்காகக் கோயில் சபையோடு சண்டை. பொதுக்கூட்டம் கூட்டாமல் சந்தாவை உயர்த்தியதற்காக, சாவு வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளும் மரணாதாரச் சங்கத்திலிருந்து விலகினான். அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தச் சங்கத்தை விட்டு விலகினால் சாகும்போதுதான் தெரியும். பக்கத்து வீட்டோடு கழிவுநீர்க் கானுக்காகப் பேச்சில்லை. மனைவி முன்பே போய்விட்டார். ஒரே மகன் கனடாவில்.

அவன் போன அன்று காலையில் மகன் எனக்குத்தான் பேசினான். கடவுச்சீட்டு புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் அவனால் வரமுடியவில்லை.

"அங்கிள், அப்பா எல்லாரோடயும் கோவிச்சுக்கிட்டாரு. ஒருத்தரும் வரமாட்டாங்களோன்னு பயமா இருக்கு. வெறும் வீட்டுல அப்பா கிடக்கக்கூடாது அங்கிள்."

"நான் இருக்கேன் தம்பி."

"கதிரைக்கெல்லாம் ஒன்லைன்ல சொல்லிட்டேன். மூணு தடவை போன் பண்ணி விசாரிச்சாங்க. நல்ல கம்பனி போல."

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

எங்கள் கதிரைக்காரர் செய்தி கேட்டு ஏற்கனவே வந்து பந்தல் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு சந்து தள்ளி நடந்த சாவை, பாதிக் கதிரை இறக்கிய பிறகு, கனடா வழியாக அந்த வலைத்தளத்துக்குக் காசு கொடுத்தும் தெரிந்துகொண்டிருந்தார். அப்போது இரத்தோட்டை லொறி ஒன்று சிவப்புக் கதிரைகளோடு வந்து நின்றது. அதன் முதலாளி இளம் வயதுக்காரர். எங்கள் ஆள் அவரைக் கேட்டார்:

"எந்த வீட்டுக்குங்க தம்பி?"

"இந்த வீட்டுக்குத்தாண்ணே. போன்ல வந்துச்சு."

"எனக்கும் போன்ல வந்துச்சு. ஆனா நான் அதுக்கு முன்னயே வந்துட்டேன்."

"அப்ப எதுக்குண்ணே காசு கட்டுனீங்க?"

பதில் வருமுன் தம்புள்ளையிலிருந்து பெரிய லொறி ஒன்று பின்பக்கமாகவே சந்துக்குள் நுழைந்தது. மற்ற நாட்களில் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் லொறி. தட்டில் கோவா இலைகள் ஒட்டியிருந்தன. அதில் வெள்ளைக் கதிரைகள். மகன் வரச்சொன்னார், ஒரு கல்யாண வேலையை விட்டுவிட்டு வந்தேன் என்று அதன் முதலாளி சிங்களத்தில் சொன்னார். ஒரே கம்பனி என்று நினைத்து மகன் மூன்று பேரிடமும் வரச்சொல்லியிருக்கிறான். மூன்று பேரும் சாவு வீடு என்பதால் விலை பேசாமல் ஏற்றிவிட்டார்கள்.

"சார், நீங்களே சொல்லுங்க. யாரு திரும்பிப் போறது?" என்றார் எங்கள் ஆள்.

ஆளுக்கொரு தாளில் விலையை எழுதி மூடித் தாருங்கள், குறைந்த விலைக்காரர் இருக்கட்டும் என்றேன். மூவரும் நான் ஏதோ அசிங்கம் பேசியதுபோலப் பார்த்தார்கள்.

"பிரேதம் உள்ள கிடக்குதுங்க ஐயா" என்றார் இரத்தோட்டைக்காரர்.

இதற்குள் மூன்று லொறியிலிருந்தும் கதிரைகள் தரையைத் தொட்டுவிட்டன. இனி எவரும் திரும்ப ஏற்றமுடியாது. தெருவில் ஒரு பந்தலுக்கு வாங்கிய அனுமதியை மூன்றாகத் திருத்த நான்தான் ஓடினேன்.

பிற்பகலில் மகன் வீடியோவில் வந்தான். நான் கைபேசியைத் திருப்பிக் காட்டினேன். நீலம், சிவப்பு, வெள்ளை என்று சந்து முழுவதும் கதிரைகள். ஒன்றிலும் ஆளில்லை. ஒரு பந்தல் மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு வெறுமையாகத் தெரிந்திருக்காது.

"ஆளுங்க எங்க அங்கிள்?"

"வருவாங்க தம்பி" என்றேன்.

இரத்தோட்டைக்காரருக்கு அது கேட்டிருக்க வேண்டும். லொறியில் சாய்ந்து நின்ற தன் ஆட்களை அதட்டினார். "என்னாடா வேடிக்கை? போய் உக்காருங்க." அவர்கள் சிவப்பில் உட்கார்ந்தார்கள். தம்புள்ளைக்காரர்கள் வெள்ளையில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஆள் தன் வாழ்நாளில் முதன்முறையாகத் தன் கதிரையிலேயே உட்கார்ந்தார்.

பிரதான வீதியிலிருந்து பார்த்தால் சந்து நன்றாகத் தெரியும். நான்கு மணி பஸ்ஸில் இறங்கிய தோட்டத்து ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

"யாருங்க ஐயா, பெரிய ஆளுங்களா? மூணு டென்ட் போட்டிருக்காங்க?"

"கச்சேரியில இருந்தவரு" என்றேன்.

"அப்ப ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவோம்."

அவர்களைப் பார்த்துக் கடைக்காரர்கள் வந்தார்கள். இவ்வளவு பெரிய சாவுக்குப் போகவில்லை என்ற பேச்சு வரக்கூடாதென்று கோயில் சபைத் தலைவர் வந்தார். கதிரை யார் கொடுத்தது என்று பார்க்க மரணாதாரச் சங்கச் செயலாளர் வந்தார். கானுக்காகச் சண்டையிட்ட பக்கத்து வீட்டிலிருந்து பிளேன்டீ வந்தது. ஒரு வயதான அம்மா பிரேதத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு என் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"எம்புருசனுக்கு ரேடியோவுல போட எழுதிக் குடுத்தவரு இவருதாங்க. 'பாசமிகு'ன்னு ஒண்ணு இருந்துச்சு. வெட்டிப்புட்டாரு. காசு நான் தாறேன்னு சொன்னேன், கேக்கல."

"அவன் அப்படித்தாம்மா."

"நல்லா நாலு கேள்வி கேக்கணும்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகன் மறுபடி அழைத்தான். அப்போது கதிரை போதாமல் சிலர் நின்றார்கள்.

"இவங்கல்லாம் யாரு அங்கிள்?"

"அப்பாவப் பாக்க வந்தவங்க."

பாதிப் பேரை எனக்கும் தெரியாது. ஆனால் அந்த வாக்கியத்தில் என் நண்பன் வெட்டக்கூடிய சொல் ஒன்றுமில்லை.

மறுவாரம் கம்பனியிலிருந்து மூவருக்கும் ஒரு கேள்வி வந்தது: இந்த வேலை உங்களுக்குக் கிடைத்ததா? மூவரும் 'ஆம்' என்று அழுத்தினார்கள். எங்கள் ஆளுக்கு ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். அவர் கொஞ்சம் கேட்டுவிட்டு, "ஒரு நிமிசம் மிஸ், பெரியவர் இருக்காரு" என்று கைபேசியை என்னிடம் நீட்டினார்.

"மூணு பேருக்கும் கிடைச்சிருக்க முடியாதே சார். யாருக்குக் கிடைச்சதுன்னு போடுறது?"

"செத்தவருக்குன்னு போடுங்கம்மா" என்றேன்.

அப்படியொரு கட்டம் படிவத்தில் இல்லை என்றாள்.