மாமியின் சமையலும் என் மாத்திரைகளும்

திருவாரூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். நாள் முழுக்கக் கத்த வேண்டிய வேலை. தொண்டை லேசாகக் கரகரத்தாலே பயம் வந்துவிடும். எப்போதோ ஒரு டாக்டர் எழுதித் தந்த ஆன்டிபயாடிக் மாத்திரையின் பெயர் எனக்கு மனப்பாடம். மருந்துக்கடையில் அந்தப் பெயரைச் சொல்லி ஓர் அட்டை வாங்குவேன். இரண்டு நாள் போட்டதும் தொண்டை சரியாகிவிடும். மிச்சத்தைக் கைப்பையில் வைத்துக்கொள்வேன், அடுத்த கரகரப்புக்கு. இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

அப்புறம் வயிறு கெட்டது. முதலில் உப்புசம். பிறகு காலையில் மூன்று தடவை, நான்கு தடவை. வாயில் புண் ஆறவில்லை. தூக்கம் போனது. சின்னத் தப்புக்கெல்லாம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

வீட்டில் நானும் என் மாமியாரும்தான். என் கணவர் சவுதியில் இருக்கிறார். மாமிக்கு எழுபது வயது. சமையல் அவர் பொறுப்பு. யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது; அவர்தான் பக்கத்தில் இருந்தார். ஒருநாள் போனில் கணவரிடம் சொல்லிவிட்டேன்.

"உங்கம்மா சமையல்தாங்க எனக்கு ஆகல. கையைச் சுத்தமா கழுவுறாங்களான்னே தெரியல."

அவர் தன் அம்மாவிடம் என்ன சொன்னாரோ தெரியாது. மறுநாள் காலை நான் அடுப்படி வாசலில் நிற்கும்போது மாமி குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, முழங்கை வரை கழுவினார். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் நான் பார்க்க வேண்டும் என்றுதான் அவ்வளவு நேரம் கழுவினார். அன்று முதல் தினமும் அப்படித்தான். பள்ளிக்குப் பக்கத்து ஓட்டலில் சாப்பிடத் தொடங்கினேன். வயிறு இன்னும் மோசமானது.

கடைசியில் தஞ்சாவூரில் ஒரு குடல் மருத்துவரைப் பார்க்கக் கிளம்பினேன். தனியாகப் போவதாகத்தான் இருந்தேன். மாமி வெளியே போகும்போது புடவைக்கு மேல் போர்த்தும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "நானும் வரேன். வழியில மயக்கம் போட்டு விழுந்தா யாரு பாக்குறது?"

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. முன்னால் லாரிகள், பின்னால் பஸ்கள். ஒரு ரயில் போயிற்று, கேட் திறக்கவில்லை. எனக்கு வயிறு முறுக்கியது. பல்லைக் கடித்தேன். புடவையை இறுக்கிப் பிடித்தேன். கண்டக்டரைக் கூப்பிட எழுந்தேன். அவ்வளவுதான். நாற்பது பேர் உட்கார்ந்திருந்த பஸ்ஸில், நின்ற நிலையிலேயே, அடக்க முடியாமல் புடவையிலேயே போய்விட்டது.

முன் சீட்டுப் பெண் மூக்கைப் பொத்தினாள். அதே நொடி மாமி தன் துப்பட்டியை உருவி என் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். "மருமவளுக்கு ஒடம்பு முடியல, வழி விடுங்கம்மா" என்று சத்தமாகச் சொல்லி என்னை இறக்கினார். துப்பட்டி இல்லாமல் அவர் தெருவில் இறங்கி நான் பார்த்ததே இல்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, சாலையோரத்து வீடு ஒன்றின் கதவைத் தட்டினார். அந்த வீட்டம்மா கொல்லையில் தண்ணீர் தந்தார். ஒரு பழைய புடவையும் தந்தார். மாமி எனக்குத் தண்ணீர் ஊற்றினார். என் புடவையை அவர் கையாலேயே அலசினார். "வேணாம் மாமி" என்று அழுதேன். "பேசாம நில்லு" என்றார்.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண்.

"வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

"இல்லைங்க."

"ஆன்டிபயாடிக் எதுவும் எடுத்தீங்களா?"

"எப்பவாவது..."

"கையில இருந்தா காட்டுங்க."

பையைத் திறந்தேன். பாதி காலியான அட்டைகள் மூன்று வந்தன. மூன்றும் ஒரே மாத்திரை. மாமி பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

"நம்ம குடல்ல நல்ல கிருமிங்களும் குடியிருக்குங்க. சாப்பாடு செரிக்கிறதுக்கே அதுங்க வேணும். நீங்க ஒவ்வொரு தடவையும் அதுங்களையும் சேத்துக் கொன்னுருக்கீங்க. வேற கோளாறு இல்லைன்னு டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம். ஆனா இதை இன்னையோட நிறுத்துங்க. வீட்டுச் சாப்பாடு சாப்பிடுங்க."

டெஸ்டில் வேறொன்றும் இல்லை. தயிர், கஞ்சி, மசிய வேகவைத்த காய் என்று மாமிதான் பார்த்துப் பார்த்துச் செய்தார். தேற ஏழெட்டு மாதம் ஆனது. இன்னமும் சில நாள் உப்புசம் உண்டு.

டாக்டரைப் பார்த்த அன்றே கணவரிடம் வயிற்றைப் பற்றிச் சொன்னேன். மாத்திரை விஷயத்தைச் சொல்ல மூன்று வாரம் பிடித்தது. ஸ்பீக்கரில் போட்டு, மாமியை எதிரில் உட்கார வைத்துச் சொன்னேன். "தப்பு என்னோடதுங்க. மாமி கை சுத்தமில்லைன்னு நான் சொன்னது பொய்."

அவர் பதில் சொல்லும் முன் மாமி போன் பக்கம் குனிந்தார். "சரி, வெயில் எப்படிடா இருக்கு அங்க?"

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் வரவில்லை. மீன் ஆணம் கொதிக்கும்போது இப்போதும் ஒரு கரண்டிக் குழம்பை எடுத்துக்கொண்டு நான் இருக்கும் இடத்துக்கே வருகிறார். "பாரு, ஒனக்கு ஒத்துக்குமா?" என்று கேட்கிறார். ருசி பார்க்காமலே "நல்லாருக்கு மாமி" என்கிறேன். "வாயில வச்சுட்டுச் சொல்லு" என்று நிற்கிறார்.