கெவுளி வாக்கு

போன ஞாயிற்றுக்கிழமை, சரவணம்பட்டியில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டுக்குப் பூச்சி மருந்து அடிக்க ஒருவர் வந்தார். முதுகில் டப்பா, கையில் குழாய். சமையல் மேடைக்குக் கீழே அடித்து முடித்து நிமிர்ந்தவர், டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த பல்லியைப் பார்த்துவிட்டார். “இதுக்கும் சேத்து அடிச்சுரட்டுங்களா மேடம்?” என்றார். கேட்டது சாதாரணக் கேள்விதான். எனக்கு வந்த கோபம்தான் சாதாரணமாக இல்லை. “அது மேல ஒரு சொட்டு பட்டாலும் நான் பொல்லாதவளா ஆயிருவேன்” என்று சொல்லிவிட்டேன். மனிதர் பயந்துபோய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பல்லியையும் ஒரு பாட்டம் திட்டினேன். அதைக் காப்பாற்றவும் வேண்டியிருக்கிறது, திட்டவும் வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் தாராபுரத்துக்குப் பக்கம். அங்கே பல்லியைக் கெவுளி என்போம். என் அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவளுக்கு, கெவுளி என்றால் மாகாளியம்மனின் வாய். ஆட்டை விற்பதா, மாமாவுக்குப் பெண் பார்க்கப் போவதா, கூரையைப் பிரித்து மேய்வதா, எதுவானாலும் குளித்து ஈரத் தலையோடு கோயிலுக்குப் போவாள். அம்மனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வந்த விஷயத்தைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போலச் சத்தமாகவே சொல்லுவாள். பிறகு கண்ணை மூடிக்கொள்வாள். அம்மனின் வலப்பக்கமிருந்து கெவுளி கத்தினால் செய்யலாம். இடப்பக்கமிருந்து கத்தினால் கூடாது. கத்தவே இல்லையென்றால் நாளைக்கு மறுபடியும் வர வேண்டும். அதுவரை ஒரு துரும்பும் நகராது.

பழைய கோயில் அது. நாட்டு ஓடு, பனங்கட்டை உத்தரம், விளக்கெண்ணெய்க் கரி படிந்த சுவர். இன்றைக்கும் விளக்கெண்ணெய் வாசம் மூக்கில் பட்டால் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. அம்மிச்சி பக்கத்தில் நான் குறுகி உட்கார்ந்தால் தொடையில் கிள்ளுவாள். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குக் கெவுளி வரும். எனக்கு அறிவியல் பாடத்தில் உணவுச் சங்கிலி சட்டென்று புரிந்ததற்கு மாகாளியம்மன்தான் காரணம். இதை அம்மிச்சியிடம் சொன்னபோது, “பாத்தியா, படிப்பும் ஆத்தாதான் சொல்லித் தாரா” என்றாள். அவளிடம் எதைச் சொன்னாலும் கடைசியில் அம்மன் கணக்கில்தான் போய்ச் சேரும்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் படியேறியவர் யாருமில்லை. அப்பா அடுத்தவர் தோட்டத்தில் தண்ணீர் கட்டினார், அம்மா களை வெட்டினாள். நான் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினேன். இதைச் சொல்லும்போது அடக்கமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், இருக்க முடியவில்லை. கோயமுத்தூரில் கல்லூரிக்கு இடமும் கிடைத்தது. அப்பா அம்மிச்சியிடம் போய் நின்றார்.

“ஏனுங்கத்தை, பொட்டப்புள்ளயத் தனியா அனுப்பிப்போட்டு நாம இங்க எப்படிங்க தூங்கறது?”

“சித்தெ பொறுங்க மாப்ள. ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாரேன்.”

என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நீங்களே நினைத்துப் பாருங்கள். மார்க் ஷீட் வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. நான் கொசுக்கடியில் உட்கார்ந்து ஒரு பல்லி வாயைத் திறக்குமா என்று காத்துக்கொண்டிருக்கிறேன். அது வாயைத் திறந்தது, ஒரு பூச்சியை விழுங்க. மறுபடியும் மூடிக்கொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெயில் ஏறி, பூசாரி நடை சாத்தச் சாவியை எடுக்கும்போதுதான் கத்தியது. நடு உத்தரத்திலிருந்து. சாமி சத்தியமாக நடுவிலிருந்து.

“வலதுதான்,” என்று அம்மிச்சி எழுந்துவிட்டாள்.

“நடுவுல கேட்ட மாதிரி இருந்துச்சு அம்மிச்சி.”

“உனக்குக் காது அடச்சிருக்குது அம்மிணி. வெசையா நட, உங்கொப்பன் காட்டுக்குப் போயிருவான்.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நான் கல்லூரிக்குப் போனேன், படித்தேன், வேலைக்கும் வந்துவிட்டேன். ஊரில் எனக்கு என்ன பெயர் தெரியுமா? “கெவுளி சொன்ன புள்ள.” ராத்திரியும் பகலும் முட்டி முட்டிப் படித்தவள் நான், பெயர் பல்லிக்கு. ஒருமுறை பொறுக்க முடியாமல், “மார்க்கு நான் வாங்குனதா, கெவுளி வாங்குனதா?” என்று அம்மிச்சியிடம் சண்டைக்குப் போனேன். “நீதான் வாங்குன கண்ணு. ஆனா மார்க்கக் காட்டி உங்கொப்பன மசிய வெக்க முடிஞ்சுதா?” என்றாள். அவள் சொன்னது நிஜம். அதுவும் ஓர் எரிச்சல்.

நான் வேலையில் இருக்கும்போது ஊர்க்காரர்கள் சேர்ந்து கோயிலைப் புதுப்பித்தார்கள். ஓட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டார்கள். கரிச்சுவரில் வெள்ளை டைல்ஸ் ஒட்டி, இண்டு இடுக்கெல்லாம் சிமெண்ட் பூசி, திரும்பிய பக்கமெல்லாம் எல்.இ.டி. விளக்கு மாட்டினார்கள். அம்மிச்சிக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. வேலை நடந்தபோது தினமும் போய்த் தண்ணீர் சுமந்து கொடுத்தாள். கும்பாபிஷேகத்தன்று போனில், “ஆத்தா ஊடு பங்களாவாட்ட ஆயிருச்சு கண்ணு” என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு நெஞ்சு வலி வந்தது. நான் காரில் கூட்டிவந்து கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினேன். ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டெண்ட் வைத்தால் நன்றாக இருப்பார்கள், ஆனால் தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் பொறுமையாகப் படம் வரைந்து காட்டினார். அம்மிச்சியும் பொறுமையாகக் கேட்டாள். “செரிங்க சாமி. ஆத்தாகிட்டக் கேட்டுப்போட்டு வந்தர்றேன்” என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

ஊருக்குப் போனதும் கோயிலில் உட்கார்ந்தாள். மறுநாளும் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும். நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தேன். அந்த டைல்ஸில் கெவுளி எங்கே ஒளியும், எங்கே முட்டையிடும்? “அதுக்கு இங்க குடியிருக்க எடமே இல்ல அம்மிச்சி, புரிஞ்சுக்க” என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

“ஆத்தா இருக்கற எடத்துக்குக் கெவுளி வராமயா போயிரும்?”

கடைசியில் ஒரு வேலை செய்தேன். நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். செல்போனில் பல்லி கத்தும் வீடியோ ஒன்றைத் தேடி எடுத்து, அம்மனுக்கு வலப்பக்கத் தூணின் பின்னால் நின்று ஓடவிட்டேன். ச்சுக் ச்சுக் ச்சுக் என்று அருமையாகக் கத்தியது. அம்மிச்சி கண்ணைத் திறந்தாள், கையெடுத்துக் கும்பிட்டாள். என் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. நான் நிறுத்துவதற்குள் வீடியோ முடிந்து விளம்பரம் ஆரம்பித்துவிட்டது. “உடனே முந்துங்கள், பஸ் ஸ்டாண்டுக்கு மிக அருகில் வீட்டுமனைகள்” என்று ஒரு பெண் கோயில் அதிரக் கூவினாள்.

அம்மிச்சி சிரித்த சிரிப்பில் எனக்கு அவள் நெஞ்சை நினைத்துப் பயமாகிவிட்டது. “ஏனம்மிணி, கெவுளி எப்ப இருந்து சைட்டு விக்குது?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து கத்தினேன். “அன்னைக்கு எனக்கு நடுவுல கேட்டதை வலதுன்னு சொல்லி அனுப்புனியே. இன்னைக்கு உனக்காக ஒரு பொய் சொல்லிக்கக் கூடாதா?”

அவள் சிரிப்பு நின்றுபோனது. நிஜமாகவே திகைத்துவிட்டாள். “பொய்யா? எனக்கு வலதுலதான் கேட்டுச்சு. சாமி முன்னால உக்காந்து நான் பொய் சொல்லுவனா கண்ணு?”

இத்தனை வருடமும், எனக்காக அவள் வளைந்து கொடுத்தாள் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் வளையவே இல்லை. அவள் காது அப்படிக் கேட்டிருக்கிறது. அவ்வளவுதான். என்மேல் இருந்த ஆசை அவள் காதில் போய் உட்கார்ந்திருக்கிறது. தன்மேல் அவளுக்கு அந்த ஆசை இல்லாமல் போய்விட்டது. இதற்கு நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

லீவு முடிந்து நான் திரும்பி வந்தேன். வாரக் கடைசியில் தூக்கிக்கொண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். வாரம் முடியவில்லை. கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மத்தியானம் கட்டிலில் சாய்ந்த அம்மிச்சி எழுந்திருக்கவில்லை. காரியத்தன்று மாமா பந்தலில் உட்கார்ந்து எல்லோரிடமும், “கம்பி கிம்பி வெச்சு ஒடம்பக் கிழிக்காம, நல்லபடியாப் போய்ச் சேந்துட்டாங்க. அதுக்குத்தான் ஆத்தா வாக்குக் குடுக்கல” என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலைகள் ஆடின. எனக்கு அந்தப் பந்தல் காலைப் பிடுங்க வேண்டும் போல இருந்தது. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். பாத்திரங்கள் என்னிடம் படாதபாடு பட்டன.

போன மாதம் அம்மாவுக்குப் படபடப்பாக இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, தனியாகப் பஸ் ஏறி, தாராபுரம் போய் டாக்டரைப் பார்த்து, மாத்திரையும் வாங்கிக்கொண்டு, பொழுதோடு வீடு வந்து சேர்ந்த பிறகுதான் போன் செய்தாள். பிரஷராம், பயப்பட ஒன்றுமில்லையாம்.

“போறதுக்கு முன்னால கோயில்ல கேக்கலையாம்மா?” என் வாயிலிருந்து எப்படித்தான் வந்ததோ.

“அங்க என்னத்தக் கேக்கறது கண்ணு? போனாக் கும்புட்டுட்டு வாரதுதான். இப்பெல்லாம் ஊருக்குள்ள ஆரும் வாக்குக் கேக்கறதில்ல. உங்க அம்மிச்சியோட முடிஞ்சுது.”

மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். எந்தப் பல்லியையும் கேட்காமல் ஒரு பெண்பிள்ளை நேராகப் போய்ப் பஸ் ஏற வேண்டும் என்றுதான் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தேன். இப்போது ஊரே ஏறிவிட்டது. நான் யாருக்காகக் கத்தினேனோ, அவள் மட்டும் ஏறவில்லை.