ஒன்பது சாட்சிகளும் ஒரு புளியமரமும்

1. கூட்டம் சேர்ந்த வாரம்

முப்பது வருஷம் கோர்ட்டு வாசலில் மேசை போட்டு மனு எழுதிப் பிழைத்தவன் நான். புதுச்சேரியில் அந்தக் கோர்ட்டைத் திரிபுனால் என்போம். சட்டம் பிரெஞ்சில் இருந்தது, ஜனங்கள் தமிழில் இருந்தார்கள், நடுவில் நான் இருந்தேன். பிரெஞ்சு எழுதத் தெரிந்தவன் என்பதால் வெள்ளைக்காரனைக் கூப்பிடுவது போலவே என்னையும் 'முசியே' என்றார்கள். நானும் வேண்டாமென்று சொல்லவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் மனுவை எப்படி உருக்கமாக எழுதுவது என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். உருக்கமாக எழுதி நான் மாட்டிக்கொண்ட கதையை முதலில் கேளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில், டவுனில் ஒரு கல்லூரியின் பின்தோட்டத்தில் கணக்கு வாத்தியாரை யாரோ வெட்டிக் கொன்றுவிட்டார்கள். பக்கத்தில் கிடந்தது தோட்டக்காரன் ஏழுமலையின் கத்தி. திங்கட்கிழமை விடிந்ததும் முதலியார்பேட்டையில் அவன் வீட்டுக்குப் போய்ப் பிடித்து வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊர் தீர்ப்பே சொல்லிவிட்டது. நீதிபதிதான் பாக்கி.

பாவம் அந்த வாத்தியார். உயிரோடு இருந்தபோது அவருக்கு ஒரு வணக்கம் வைக்காதவர்களெல்லாம் அவருக்கு நியாயம் கேட்டு என் மேசைக்கு வந்தார்கள். முதலில் வந்தவர் எதிர்வரிசைக் காப்பிக்கடை கோவிந்தசாமி.

"ஏழுமலதான் வெட்டினான்னு எழுதுங்க முசியே."

"நீ பார்த்தியா?"

"ஊரே சொல்லுதே."

"ஊரக் கூண்டுல ஏத்த முடியாதுப்பா. நீ எங்க நின்ன?"

"எங்கயாவது நிறுத்துங்க. நீங்க படிச்சவரு."

நிறுத்தினேன். கல்லூரிப் பின்வாசல் பக்கம் ஒரு புளியமரம் வைத்தேன். அதன் அடியில் கோவிந்தசாமியை நிறுத்தி, மதிலோரமாக ஏழுமலையின் நிழலை ஓடவிட்டேன். அந்தக் கல்லூரிக்குள் நான் ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை. ஆனால் பிரெஞ்சில் அந்த வரி அவ்வளவு அழகாக வந்துவிட்டது.

மனுவை எழுதி முடித்ததும் தமிழில் உரக்க வாசித்துக் காட்டுவது எங்கள் தொழில் வழக்கம். சுற்றி நிற்பவர்கள் 'அடடா' என்றால் அது நல்ல மனு. அன்றைக்கு மூன்று பேர் 'அடடா' சொன்னார்கள். கோவிந்தசாமியே தன் கதையைக் கேட்டு வாயைப் பிளந்து நின்றார்.

மறுநாள் நோணாங்குப்பத்து மீன்காரி தனம் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"காப்பிக்கடக்காரருக்கு எழுதினத எனக்கும் எழுதுங்க. அவரு நெழலத்தான பார்த்தாரு? நா மொகத்தப் பார்த்தேன்னு போடுங்க."

"பார்த்தியா தனம்?"

"அன்னிக்கி நா ஊர்லயே இல்ல, நோணாங்குப்பத்துல கெடந்தேன். பார்த்திருந்தா மொகத்தத்தான பார்த்திருப்பேன்?"

முகத்தைப் போட்டேன். புதன்கிழமை வந்தவர்கள் முகத்தோடு கத்தியும் கேட்டார்கள். வியாழக்கிழமை வந்தவர்களுக்கு ரத்தம் சொட்டியாக வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரனைவிடத் தன் மனுவில் ஒரு வரியாவது கூட இருக்க வேண்டும் என்பது புதுச்சேரிக்காரனின் சுபாவம். நாலு நாளில் ஒன்பது மனு எழுதிவிட்டேன். ஒன்பது பேரும் அதே புளியமரத்தடியில்தான் நின்றார்கள்.

2. நாளைக்கு வா

புதன்கிழமையே ஏழுமலையின் மனைவி அஞ்சலையும் வந்திருந்தாள்.

"எம் புருஷன் ஞாயித்துக்கெழம பூரா காய்ச்சல்ல படுத்திருந்தாரு. அத எழுதித் தாங்க ஐயா."

"யாரு பார்த்தது?"

"நாந்தான்."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் அவளை விட்டு இரண்டடி விலகினார்கள். கோவிந்தசாமி தன் கடையிலிருந்தே என்னைப் பார்த்தார். இவளுக்கு எழுதினால் ஊர் என் மேசைக்கு வராது என்று தோன்றியது. "நாளைக்கு வாம்மா" என்றேன். வியாழக்கிழமை வந்தாள். நாளைக்கு வா என்றேன். வெள்ளிக்கிழமையும் அதையேதான் சொன்னேன்.

கொலை நிரூபணமானால் ஏழுமலையின் தலை போய்விடும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்படியிருந்தும் அவளை மூன்று நாள் முதலியார்பேட்டையிலிருந்து நடக்கவிட்டேன். இதை எழுதும்போது இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

3. நீதிபதியின் மேசை

அடுத்த திங்கட்கிழமை விசாரணை நீதிபதி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒல்லியான வெள்ளைக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். மேசைமேல் என் ஒன்பது மனுவையும் வரிசையாக அடுக்கியிருந்தார்.

"கையெழுத்து உங்களுடையதுதானே, முசியே?"

"ஆமாம்."

"நல்ல கையெழுத்து. இவற்றைத் தேதிப்படி வைத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை நிழல், செவ்வாய் முகம், புதன் கத்தி, வியாழன் ரத்தம். வெள்ளிக்கிழமை ஏன் யாரும் வரவில்லை? வந்திருந்தால் குற்றவாளி தானே வந்து ஒப்புக்கொண்டிருப்பானே."

உண்மையைச் சொன்னால் மேசை போடும் அனுமதி போய்விடும், பொய் சாட்சி தயார் பண்ணினேன் என்று உள்ளேயும் தள்ளலாம். "அவர்கள் சொன்னார்கள், நான் எழுதினேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

"அப்படியானால் சரி. வியாழக்கிழமை எல்லாரும் கல்லூரிக்குப் போவோம். நீங்களும் வாருங்கள். அந்தப் புளியமரத்தை நான் பார்க்க வேண்டும்" என்றார்.

4. மரம் தேடிய காலை

சாட்சிகள் ஒன்பது பேரும் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் போல வந்திருந்தார்கள். கோவிந்தசாமி சலவை வேஷ்டி கட்டியிருந்தார். தனம் தலை நிறையப் பூ வைத்திருந்தாள். ஏழுமலையை இரண்டு சிப்பாய்களுக்கு நடுவில் விலங்கோடு கொண்டுவந்தார்கள். அஞ்சலை வெளிக்கேட்டைத் தாண்ட விடப்படாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவரவர் நின்ற இடத்தில் போய் நில்லுங்கள்" என்றார் நீதிபதி. துபாஷி அதைத் தமிழில் சொன்னார்.

ஒன்பது பேரும் கிளம்பினார்கள். தோட்டத்தில் தென்னை இருந்தது, மா இருந்தது, ஒரு பெரிய வேம்பு இருந்தது. புளி மட்டும் இல்லை. கொஞ்ச நேரம் கிணற்றைச் சுற்றினார்கள், கொட்டகைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் தனம் தைரியமாக வேம்பின் அடியில் போய் நின்றாள்.

"இதான்."

"அது வேப்பமரம் தனம்" என்றார் கோவிந்தசாமி.

"மசங்கல் நேரத்துல புளியமரமாத்தான் தெரிஞ்சிது."

நீதிபதி ஏழுமலையின் பக்கம் திரும்பி, இங்கே புளியமரம் எங்கே என்று கேட்டார்.

"பன்னண்டு வருஷமா இங்க இருக்கிற எல்லா மரத்துக்கும் நாந்தான் தண்ணி ஊத்துறேங்க. புளியமரம் கெடையாதுங்க."

அப்பாடா, விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். கோவிந்தசாமியை நான் சரியாக எடைபோடவில்லை.

"அப்ப இவந்தான் வெட்டிட்டான்!" என்று கத்தினார். "நாங்க நின்ன மரம்னு தெரிஞ்சி வேரோட புடுங்கிட்டான்!"

"ஆமா, ஆமா" என்றார்கள் மற்றவர்கள். மரம் விழுந்த சத்தம் கேட்டதாகவே ஒருவர் சொன்னார். காய்ச்சல்காரன் வாத்தியாரை வெட்டி, புளியமரத்தை வெட்டி, வேரைத் தோண்டி, குழியை மூடி, இலை ஒன்று விடாமல் கூட்டித் தள்ளிவிட்டு, விடிவதற்குள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டானாம். நான் சிரித்திருப்பேன். ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். ஒருவரும் பொய் சொல்லவில்லை. நான் வாசித்துக் காட்டியதை நம்பி நம்பி, அந்த மரத்தடியில் நிஜமாகவே நின்றுவிட்டார்கள். ஏழுமலைகூட ஒரு கணம் சந்தேகப்பட்டுத் தரையைப் பார்த்தான்.

துபாஷி பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினார். குமாஸ்தா பேனாவை மையில் தோய்த்தார். தடயத்தை அழித்தான் என்று எழுதிவிட்டால், இல்லாத மரமே அவன் கழுத்துக்கு வந்துவிடும்.

"எழுதாதீர்கள்" என்றேன். "அந்த மரத்தை நட்டது நான்."

பிரெஞ்சில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொன்னேன். யார் என்ன பார்த்ததாக வந்து சொன்னார்கள், நான் எதைச் சேர்த்தேன் என்பதை ஒன்பது மனுவுக்கும் ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். தனம் மட்டும் இடையில், "மொகம் நா கேட்டதுதாங்க, அது இவரு மேல தப்பில்ல" என்று நியாயமாகப் பேசினாள்.

5. அதற்குப் பிறகு

மேசை போட ஆறு மாதம் தடை விதித்தார்கள். ஜெயிலுக்கு அனுப்பாமல் விட்டது அந்த நீதிபதியின் பெருந்தன்மை. ஏழுமலையின் கத்தி பூட்டில்லாத கொட்டகையில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கிடந்தது என்று கல்லூரிக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். அஞ்சலையின் வாக்குமூலத்தை நீதிபதியே கூப்பிட்டுக் கேட்டார். ஏழுமலையை விட்டுவிட்டார்கள்.

ஊருக்கு என்மேல் ஒரே கோபம். "நல்லா இருந்த கேஸக் கெடுத்துட்டீங்களே முசியே" என்றார் கோவிந்தசாமி. வாத்தியாரைக் கொன்றது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அவருக்கு நியாயம் கேட்டு வந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட அதற்காக மறுபடி என்னைத் தேடி வரவில்லை.

தடை முடிந்து மேசை போட்ட அன்றைக்கு அஞ்சலை வந்தாள். ஏழுமலையைக் கல்லூரியில் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. அதற்கு ஒரு மனு வேண்டும் என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமை தலைக்கேறியிருந்தது.

"ஒம் புருஷன் உயிரு பொழச்சது யாரால, ஞாபகம் இருக்கா?"

"மரத்த நட்டதும் நீங்கதான ஐயா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் தாளை எடுத்து எழுதினேன். வாசித்துக் காட்டும்போது ஓரிடத்தில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"என்னா சொன்னீங்க இப்ப?"

"'கண்ணீர் மல்க விண்ணப்பித்துக்கொள்வது'ன்னு. அது வழக்கமாப் போடுறதும்மா."

"நா அழுவலியே."

"சும்மா ஒரு பேச்சுக்கு..."

"அழுவலிங்க. ஆறு மாசமா கஞ்சி ஊத்தணும், அவரத் தேத்தணும், அதுக்கே நேரம் போதல. அழுவாதத எழுதாதீங்க."

அடித்தல் உள்ள தாளை ஆபீசில் வாங்கமாட்டார்கள். புதுத்தாள் எடுத்து, அவள் சொன்னதை மட்டும் எழுதினேன். அரைப்பக்கம்கூட வரவில்லை. அவள் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பெருவிரலை மையில் வைத்து அழுத்தினாள். என் தொழிலை நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.